வல்ப்ரென் வணிகனின் சின்னவிரல்

ஞானேந்திரன் பிரான்சுக்குப் போனது அக்கா மகனின் கல்யாணத்துக்கு. திரும்பி வந்தது வரலாற்றோடு. கல்யாண வீட்டுச் சாப்பாடு இரண்டு நாளில் செரித்துவிட்டது. வரலாறு செரிக்கவில்லை. கண்டவர் நின்றவரிடமெல்லாம் ஏவறையாக வந்துகொண்டிருந்தது.

கல்யாணத்துக்கு மறுநாள் அக்காவின் புருசன், அத்தார், அவரைக் காரில் ஏற்றி, பாரிசிலிருந்து கிழக்கே போய், வல்ப்ரென் என்ற சிறிய ஊரைக் காட்டியிருக்கிறார். எழுநூறு வருடத்துக்கு முந்தைய வணிகர் குடியிருப்பு அங்கே அப்படியே நிற்கிறது. மரச்சட்டம் போட்ட வீடுகள், குடித்துவிட்டு வீடு திரும்பும் சிநேகிதர்கள்போல ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும். கீழே கடை, மேலே குடித்தனம், நிலத்துக்கு அடியில் கல்லால் கட்டிய களஞ்சியம். துணிக்காரருக்கு ஒரு தெரு, மெழுகுக்காரருக்கு ஒரு தெரு, மிளகுக்காரருக்கு ஒரு தெரு. ஞானேந்திரன் மிளகுக்காரர் தெருவின் மூலை வீட்டுக்கு முன்னால் நின்று தன்னையும் சேர்த்துப் படம் எடுப்பித்தார். அந்த வீட்டின் கதை முழுவதும் சுவரில் ஒரு பித்தளைத் தகட்டில் எழுதியிருந்தது. அதை அவர் வாசிக்கவில்லை. படத்திலும் தகடு விழவில்லை. அவருடைய வயிறு மறைத்துவிட்டது.

மொன்றியலில் வந்து இறங்கியதும் தன்னுடைய கட்டடத்தைப் பார்த்தார். ரொக்ஸ்பரோவில் றெயில் ஸ்ரேசனுக்குக் கிட்ட, நீளமாக, தட்டையாக, சப்பாத்துப் பெட்டியைக் குப்புறக் கவிழ்த்தது போல ஒரு கட்டடம். நடுவில் அவருடைய பலசரக்குக் கடை. இரண்டு பக்கமும் வாடகைக் கடைகள்: ஒரு புடவைக்கடை, ஒரு நகைக்கடை, ஒரு சலூன், மூலையில் றெனோல்ட்டின் சாப்பாட்டுக்கடை. எழுநூறு வருடம் வாழ்ந்த தெருவைக் கண்டுவந்த மனிதருக்கு இது பொறுக்குமா? மாசி மாதத்துப் பனிக்குள்ளேயே ஆட்களைப் பிடித்து, சுவர் முழுவதும் வெள்ளைப் பலகை அடித்து, அதன்மேல் கறுப்புப் பட்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். தூரத்தில் நின்று பார்த்தால் பழைய பிரெஞ்சு வீடு. கிட்ட வந்தால் கட்டம் போட்ட கணக்குக் கொப்பி. 'வணிகர் வீதி' என்று பெயரும் வைத்தார். ஒரு பக்கம் மட்டும் கடை, எதிர்ப்பக்கம் கார் விடும் இடம். அதற்குப் பெயர் வீதி.

இதையெல்லாம் ஒரு சனிக்கிழமை தம்பியின் கடைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள் ஜொய்சி. அவள் றெனோல்ட்டின் அக்கா. பிரெஞ்சுப் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறாள். நாற்பத்திரண்டு வயது. நாக்கு கொஞ்சம் கூர். மன்னாரிலிருந்து வரும்போது அம்மா கொண்டுவந்த ஒரே சொத்து அந்த நாக்குத்தான் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள்.

ஞானேந்திரனை ஏளனம் செய்ய அவளுக்கு உரிமையும் இருந்தது. படிக்கிற காலத்தில் இரண்டு கோடை விடுமுறை அவருடைய கடையில் காசு மேசையில் நின்றவள் அவள். பக்கத்தில் அவர் கருவாடு நிறுப்பார். தட்டில் கருவாடு விழும். ஞானேந்திரன் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து, "அம்மாவுக்கு இப்ப சுகமோ?" என்று கேட்பார். அந்த நேரம் அவருடைய இடது கைச் சின்னவிரல் தட்டின் ஓரத்தில் மெல்லக் குந்தும். அம்மாவின் சுகம் விசாரித்து முடிய தராசின் எண்ணுக்காட்டி நின்றுவிடும். விரல் எழுந்துவிடும். இது மொன்றியல் தமிழர் எல்லாருக்கும் தெரியும். முகத்துக்கு முன்னால் அவர் 'அண்ணை', முதுகுக்குப் பின்னால் 'சின்னவிரல்'. அப்படியென்றால் ஏன் அங்கே போய் வாங்குகிறார்கள் என்று கேட்கக்கூடாது. மற்றக் கடைக்காரன் கட்டைவிரலையே வைக்கிறான், இவர் பாவம் சின்னவிரலோடு விடுகிறார் என்பது நம்முடைய சனத்தின் நியாயம்.

அன்றைக்கு ஞானேந்திரன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். சப்பாத்துப் பனியைத் தட்டாமலே வந்தார். றெனோல்ட்டின் மனைவி ஷெரோன் துடைப்பத்தோடு பின்னால் போனாள்.

"ரீச்சரும் நிக்கிறியள். நல்லதாப் போச்சு. இதைப் பாருங்கோ பிள்ளை." போனை அவள் மூக்குக்குக் கிட்ட நீட்டினார்.

மூலை வீட்டு உத்தரத்தில் ஒரு மர உருவம். குந்தி இருக்கும் மனிதன். எழுநூறு வருட மழையில் முகம் தேய்ந்து கிடந்தது. ஒரு கையில் தராசு. மற்றக் கையின் ஒரு விரல் தராசுத் தட்டின்மேல். தலையில் ஏதோ இரண்டு கூராக நின்றது.

"ஆர் இது அண்ணை?"

"வணிகர்களின்ர தெய்வம். எங்கட குபேரன் மாதிரி. பாருங்கோ, தலையில கிரீடம். விரலால தராசை ஆசீர்வதிக்கிறார்." அவர் குரல் தழுதழுத்தது. "யாழ்ப்பாணத்தில தேர் செய்யிற ஆச்சாரி ஒராளிட்டை படத்தை அனுப்பிச் செய்யக் குடுத்திட்டன். வேப்பமரத்தில. முகம் மட்டும் தேய்ஞ்சு போச்சு எண்டதால என்ர படத்தை அனுப்பினனான்."

ஜொய்சி உதட்டைக் கடித்துக்கொண்டாள். றெனோல்ட் அடுப்புக்குப் பின்னால் நின்று கண்ணால் கெஞ்சினான்.

"வைகாசியில திறப்பு விழா. வாசல்ல ஒரு பெரிய பலகை. அதில இந்த வணிகர் குடியிருப்பின்ர வரலாறு தமிழிலயும் பிரெஞ்சிலயும் வேணும். நீங்கள்தான் எழுதவேணும். இங்கத்தைச் சட்டப்படி பிரெஞ்சு எழுத்துத்தானே பெரிசா இருக்கவேணும், அதை நல்ல வடிவா எழுதுங்கோ. நான் பிரெஞ்சு வாசிக்கிறேல்லை. முப்பது வருசமா நேரம் கிடைக்கேல்லை." பிறகு றெனோல்ட்டின் பக்கம் திரும்பினார். "தம்பி, உம்மட லீஸ் ஆனியோட முடியுதல்லோ? பலகை நல்லா வரட்டும். அஞ்சு வருசத்துக்குப் போட்டுத் தாறன்."

அவர் போனபிறகு றெனோல்ட் அடுப்பை அணைத்துவிட்டு வந்தான். அந்த மூலைக்கடையில்தான் றெனோல்ட்டின் ஏழு வருடம் இருந்தது. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கி முதுகு போனபிறகு, மனைவியின் நகையை விற்றுப் போட்ட கடை. கொத்துரொட்டிக்கும் றோல்சுக்கும் லவாலில் இருந்துகூட ஆட்கள் வருவார்கள். அந்தத் தட்டையான கட்டடத்தை விட்டால் அந்தப் பக்கத்தில் அவனுக்குக் கட்டுப்படியாகிற இன்னொரு கடை கிடையாது.

"அக்கா, நீ எழுதிக் குடு," என்றான்.

"எழுதுறன், எழுதுறன்," என்றாள் ஜொய்சி.

வீட்டுக்குப் போய் வல்ப்ரென் நகரத்தின் வலைப்பக்கத்தைத் திறந்தாள். ஒளித்து மறைத்து எதுவும் இல்லை. முதல் பக்கத்திலேயே அந்த உருவத்தின் படம். கீழே கதை.

பழைய காலத்தில் அந்த ஊரில் வருடாவருடம் பெரிய சந்தை கூடும். இத்தாலியிலிருந்தும் வடக்கே கடற்கரை நகரங்களிலிருந்தும் வணிகர்கள் கழுதைகளோடும் வண்டிகளோடும் வருவார்கள். அந்தக் குடியிருப்பில் கடை வைத்தவர்கள் சங்கமாக இருந்தார்கள். எந்தத் துணி எத்தனை முழம், எந்தத் தராசு சரி, யார் எந்தத் தெருவில் விற்கலாம் என்பதெல்லாம் சங்கம் வைத்ததே சட்டம். மிளகுக்காரர் தெருவின் மூலை வீட்டில் தியெபோ என்று ஒருவன் இருந்தான். மிளகு அப்போது வெள்ளிக்கு நிகர். தியெபோ நிறுக்கும்போது வாடிக்கையாளரின் குடும்ப நலம் விசாரிப்பான். அந்த நேரம் அவனுடைய சின்னவிரல் தட்டில் இருக்கும்.

ஜொய்சி நாற்காலியை விட்டு எழும்பிச் சமையலறைக்குப் போய், தண்ணீர் குடித்து, திரும்பி வந்து மறுபடியும் வாசித்தாள். குடும்ப நலம் விசாரிப்பான் என்றுதான் இருந்தது.

பிடிபட்டான். சங்கம் கூடியது. மறியலில் அடைக்கவில்லை, ஊரைவிட்டுத் துரத்தவும் இல்லை. தீர்ப்பு இதுதான்: தியெபோவின் வீட்டு உத்தரத்தில், தியெபோவின் சொந்தச் செலவில், தியெபோவின் முகத்தோடு ஓர் உருவம் செதுக்க வேண்டும். கையில் தராசு, தட்டில் சின்னவிரல், தலையில் கழுதைக் காது. வீடு நிற்கும் வரைக்கும் உருவத்தை எடுக்கக்கூடாது.

அந்தக் காலத்துச் சங்கம் தியெபோவைப் பிடித்து வைத்துத்தான் செய்வித்தது. நம்முடைய ஞானேந்திரனோ, யாரும் பிடிக்காமல், யாரும் கேட்காமல், தன் காசில், தன் முகத்தை அனுப்பி, கடல் கடந்து வரவழைக்கிறார். ஜொய்சிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இப்படி ஒரு நீதி வானத்திலிருந்து விழும் என்று கோவிலில் சொன்னால்கூட அவள் நம்பியிருக்கமாட்டாள்.

கதை அதோடு முடியவில்லை. கீழே இன்னொரு பந்தி இருந்தது. அதையும் வாசித்தாள். வாசித்தபோது அவள் முகம் கோணியது. கதையைக் கெடுக்கிற பந்தி. பலகையில் அவ்வளவுக்கு இடம் இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கணினியை மூடினாள். பலகை எவ்வளவு பெரிது என்று அவள் இன்னும் கேட்கவே இல்லை.

மறுநாள் விஷயத்தைச் சொன்னதும் றெனோல்ட்டும் சிரித்தான். விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடிந்து கண்ணைத் துடைத்த பிறகு முகம் மாறிவிட்டது.

"ஆனா அக்கா, இதை எழுதிப்போடாதை."

"எழுதாமல்? கழுதைக் காதைக் கிரீடம் எண்டு எழுதச் சொல்லுறியா?"

"நல்லதா நாலு வரி எழுதிக் குடு. முதல்ல லீஸ் வரட்டும். சிரிக்கிறதைப் பேந்து ஆறுதலாச் சிரிப்பம்."

"நான் வரலாறு படிப்பிக்கிறவள் தம்பி. பொய் எழுதமாட்டன்."

"உண்மைதான் எழுதுறனெண்டா நேர அந்தாளிட்டைப் போய்ச் சொல்லன். அண்ணை, இது இப்பிடியான உருவம், வேண்டாம் எண்டு."

ஜொய்சி அதையும் யோசித்துப் பார்த்தாள். நேரே போய்ச் சொன்னால் உருவம் வராது. உருவம் வராவிட்டால் வேடிக்கை இல்லை. உண்மையின்மேல் அவளுக்கு இருந்த பற்று அந்த அளவுதான்.

எழுதினாள். தமிழில் மூன்று வரி: 'மிளகு மணக்கும் தெருவில் ஒரு வணிகன் வாழ்ந்தான். அவனுடைய தராசின் புகழ் ஊர் முழுவதும் பரவியிருந்தது. சங்கத்துப் பெரியோர் கூடி, அவன் திருமுகத்தை மரத்தில் செதுக்கி வைக்கும்படி ஆணையிட்டனர்.' ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று பெருமைப்பட்டாள். பிரெஞ்சில் முழு விசாரணையும், தீர்ப்பும், விரலும், காதும். பெற்றோர் தமிழை வாசிப்பார்கள், பிரெஞ்சை அலங்காரமாகப் பார்ப்பார்கள். பிள்ளைகள் பிரெஞ்சை வாசிப்பார்கள், தமிழை அலங்காரமாகப் பார்ப்பார்கள். ஒரே வீட்டில் முப்பது வருடமாக இப்படித்தானே நடக்கிறது. ஞானேந்திரனின் மகள் தனுஷா பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், பிழை பிடிக்கக் கூடியவள். ஆனால் அவள் ஒட்டாவாவில் வேலை. "ரீச்சர் எழுதினதை வேற ஆள் பாக்கிறதோ?" என்று சொல்லி அவர் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

சித்திரை கடைசியில் உருவம் மொன்றியல் துறைமுகத்துக்கு வந்து இறங்கியது. மிளகாய்த்தூள் மூட்டைகளுக்கும் பப்படப் பெட்டிகளுக்கும் நடுவில், வைக்கோலில் சுற்றி, ஒரே கொள்கலனில். அவிழ்த்தபோது கடைக்காரர் எல்லாரும் நின்றார்கள். யாழ்ப்பாணத்து ஆச்சாரி கை தேர்ந்தவர், சந்தேகமே இல்லை. தேய்ந்துபோன படத்தைப் பார்த்து, தேரில் வைக்கிற மாதிரி செதுக்கியிருந்தார். கழுதைக் காது இரண்டும் தாமரை இதழாகி மகுடத்தில் ஏறியிருந்தன. கழுத்தில் மூன்று வடம் மாலை. முகம் ஞானேந்திரனே, மீசையும், வலது கன்னத்து மருவும்கூட. ஆனால் படத்தில் இருந்த ஒன்றை மட்டும் ஆச்சாரி மாற்றவில்லை. இடது கைச் சின்னவிரல் தட்டின் ஓரத்தில் மெல்லக் குந்தியிருந்தது. அதை இன்னும் நளினமாக்கி, அதன் அடியில் ஒரு மோதிரக் கோடும் கீறியிருந்தார்.

புடவைக்கடைக்காரர் இருமினார். சலூன்காரப் பெடியன் வெளியே ஓடினான். நகைக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கும் ஒரு தராசு இருந்தது.

திறப்பு விழா வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பனி முழுதாகக் கரைந்து, கார் விடும் இடமெல்லாம் சேறு. அந்தச் சேற்றில் சிவப்புக் கம்பளம். ஐயர் வந்து தேங்காய் உடைத்தார். திருஷ்டிக்கு நீத்துப்பூசணிக்காயும் உடைத்தார்கள். மூலைக்கடை வாசலுக்கு மேல் ஏற்றியிருந்த உருவத்துக்கு மாலை, சந்தனம், குங்குமம். குங்குமத்தை யாரோ விரலிலும் வைத்துவிட்டார்கள், அது இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. வர்த்தகர் சங்கத் தலைவர் அருமைராசா ஒலிவாங்கியைப் பிடித்தார். அவர் பிடித்தால் மின்சாரம் நின்றால்தான் விடுவார்.

"ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் பிரெஞ்சு மண்ணில் வாழ்ந்த ஒரு மாபெரும் வணிகன், இன்று எங்கள் ஞானேந்திரன் அண்ணையின் உருவில் மீண்டும் வந்திருக்கிறான்! அவன் தொழிலை அண்ணை அப்படியே தொடர்ந்து செய்து வருகிறார்!"

கைதட்டல் வந்தது. அதோடு வேறொரு சத்தமும் வந்தது. பெரியவர்கள் உருவத்தின் விரலைப் பார்த்துவிட்டு, கீழே குனிந்து, சேலைத் தலைப்பாலும் கைக்குட்டையாலும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பிரெஞ்சு தேவைப்படவில்லை. பிள்ளைகள் பலகைக்கு முன்னால் கூடிப் பிரெஞ்சைச் சத்தமாக வாசித்தார்கள். கழுதைக் காது வந்த இடத்தில் ஒருத்தி வெடித்தாள், பிறகு எல்லாரும் வெடித்தார்கள். "ஏன் சிரிக்கிறியள்?" என்று கேட்ட தாய்க்கு ஒரு பெட்டை மொழிபெயர்த்தாள். தாயும் வெடித்தாள். கூட்டம் முழுவதும் சிரித்தது. மாலை போட்டுக்கொண்டு நடுவில் நின்ற ஞானேந்திரனும், சனம் சந்தோசமாக இருக்கிறது என்று சேர்ந்து சிரித்தார்.

ஜொய்சி அதை ஒரு சீனிப்பாகு போல நாக்கில் வைத்துக் கரைத்துக்கொண்டிருந்தாள். அப்போது தனுஷா பலகைக்கு முன்னால் நிற்பதைக் கண்டாள். ஒட்டாவாவிலிருந்து அன்று காலையில்தான் வந்தவள். இருபத்தாறு வயது. அவள் சிரிக்கவில்லை. கடைசி வரிவரைக்கும் வாசித்தாள். பிறகு நேரே அப்பாவிடம் போய், அவர் கையைப் பிடித்து, கடைக்குள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கதவு சாத்திக்கொண்டது. போகும்போது ஒருதரம் திரும்பி ஜொய்சியைப் பார்த்தாள்.

றெனோல்ட்டும் அதைக் கண்டான். "முடிஞ்சுது," என்றான். அவ்வளவுதான் சொன்னான். றோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மூன்று கிழமை ஞானேந்திரனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. உருவத்தையும் அவர் இறக்கவில்லை. மானம் போன மனிதர் வெளியே தலைகாட்ட மாட்டார் என்று ஜொய்சி நினைத்தாள். கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. வென்றவர்களுக்கு வருகிற இரக்கம், அதைப் போல மலிவானது ஒன்றுமில்லை.

நடந்தது வேறு. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு கியூபெக்காரப் பெண் பலகையைப் படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டாள். தன்னையே கேலி செய்து தன் கடை வாசலில் சிலை வைத்த முதலாளி! என்ன நகைச்சுவை, என்ன நேர்மை! ஒரு பத்திரிகை வந்தது, பிறகு ஒரு வானொலி வந்தது. வார இறுதியில் கார் விட இடம் இல்லை. வெள்ளைக்காரக் குடும்பங்கள் வந்து, உருவத்தின் விரலைத் தொட்டுப் படம் எடுத்து, உள்ளே போய்க் கறுவாவும் மிளகும் வாங்கின. ஞானேந்திரன் கல்லாவில் நின்று, "பொன்ஜூர், பொன்ஜூர்," என்று சின்னவிரலை உயர்த்திக் காட்டினார். அவர்கள் கைதட்டினார்கள். எருமை மாட்டில் மழை பெய்ததென்றால்கூட எருமை நனையும். இவர் அந்த மழையைப் போத்தலில் அடைத்து விற்கத் தொடங்கிவிட்டார்.

ஆனி நடுப்பகுதியில் ஜொய்சியை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். சண்டைக்குத் தயாராகத்தான் போனாள். கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில், ஞானேந்திரன் எழும்பி நின்று அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். தனுஷா மூலையில் நின்றாள்.

"ரீச்சர், நீங்கள் கெட்டிக்காரி. உங்களாலதான் இந்தச் சனம்."

 ஜொய்சிக்குத் தோளில் பொன்னாடை குத்தியது.

"முதல் நாள் மகள் வாசிச்சுச் சொல்லேக்க எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது பிள்ளை. பொய் சொல்லேல்லை. மாலையைக் கழட்டி எறிஞ்சனான். ஆச்சாரியின்ர வேலையைக் கோடாலியால கொத்த வெளிக்கிட்டனான். தனுஷாதான், பொறுங்கோ அப்பா, முழுக்க என்ன எண்டு பாப்பம் எண்டு அந்த ஊர்ப் பக்கத்தைத் திறந்தவள்."

தனுஷா மெல்லச் சொன்னாள். "அன்ரி, அங்க கடைசியில இன்னொரு பந்தி இருக்கு. நீங்கள் வாசிக்கேல்லையா?"

ஜொய்சி பொன்னாடையின் ஓரத்தை இழுத்துவிட்டாள்.

"சொல்லு மகள், ரீச்சருக்கும் சொல்லு," என்றார் ஞானேந்திரன். பிறகு தானே சொன்னார். "அந்தத் தியெபோவின்ர சிலையைப் பாக்கச் சந்தைக்கு வந்த சனமெல்லாம் அவன்ர கடைக்கு வந்ததாம். விரலைப் பாத்துச் சிரிச்சிட்டு, அவனிட்டையே மிளகு வாங்கினதாம். தெருவிலயே ஆகக் கூட வித்தது அவன்தான். பத்து வருசத்தில அதே சங்கம் அவனைத் தலைவராக்கினதாம். தலைவரானதும் அவன் செய்த முதல் வேலை என்ன தெரியுமோ? விரலுக்குத் தங்கம் பூசினவன்!" அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எவ்வளவு நல்ல கதை! அதை ஏன் பிள்ளை விட்டனீங்கள்?"

"பலகையில இடம் காணாது எண்டு..."

"பலகையில கீழ ஒரு முழம் வெறுமையாக் கிடக்குதே."

கிடந்ததுதான். அச்சுக்காரன் அங்கே பூவேலை போட்டு நிரப்பியிருந்தான். ஜொய்சி வாசல் பக்கம் பார்த்தாள். தன் மாணவர்கள் ஒரு பந்தியை வெட்டி எழுதினால் சிவப்பு மையால் கோடு போடுகிறவள் அவள்.

"சரி, போனது போகட்டும்," என்றார் ஞானேந்திரன். "இப்ப ஒரு சின்ன விஷயம். தம்பியின்ர மூலைக்கடை எனக்கு வேணும். சிலைக்குக் கீழ ஒரு கஃபே போடப்போறன். கிறேப், கோப்பி. வாற சனம் இருந்து ஏதும் குடிக்கக் கேக்குது."

"லீஸ் தாறன் எண்டு வாக்குத் தந்தனீங்கள் அண்ணை. அஞ்சு வருசம் எண்டு சொன்னனீங்கள். ஷெரோனும் பக்கத்தில நிண்டவள்."

"மறுக்கேல்லையே. பலகை நல்லா வந்தால் எண்டுதானே சொன்னனான்." அவர் கையை விரித்தார். முகத்தில் கோபமே இல்லை. ஒரு வாடிக்கையாளரிடம் விலை சொல்லும் அதே கனிவு. "நீங்கள் முழுசாத் தரேல்லையே பிள்ளை. நிறை குறைஞ்சு போச்சு."

முப்பது வருடம் கருவாட்டுத் தட்டில் விரல் வைத்த மனிதர் சொல்கிறார். ஜொய்சிக்குள் ஒரு நூறு வசை எழும்பியது.  ஒவ்வொன்றும் அவளுக்கும் பொருந்தியது. தனுஷா தரையைப் பார்த்தாள். "அப்பா," என்று ஒருதரம் சொன்னாள்.  ஞானேந்திரன் எழும்பி, "அம்மாவுக்கு இப்ப சுகமோ?" என்று கேட்டுக்கொண்டே அவளை வாசல்வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

யூலை முதலாம் திகதி மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும். தெருவெல்லாம் மெத்தையும் குளிர்சாதனப் பெட்டியுமாக இருக்கும். றெனோல்ட்டுக்கு வாடகைக்கு ஒரு லொறி கிடைத்ததே பெரிய காரியம். இடம் கிடைக்கவில்லை. சாமான்களை மச்சானின் கராஜில் போட்டுவிட்டு, அவன் மறுபடியும் டோர்வலுக்கு வேலைக்குப் போகப் போகிறான். அதே பெட்டிகள், அதே முதுகு. ஷெரோன் கொத்துரொட்டித் தகட்டைப் பழைய துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு லொறிக்குள் இருந்தாள். அழவில்லை. ஜொய்சியைப் பார்க்கவும் இல்லை.

கடைசியாக நின்றது பெரிய உறைபெட்டி. றெனோல்ட் ஒரு பக்கத்தைப் பிடித்தான். நிமிராமலே கேட்டான்.

"அந்தக் கடைசிப் பந்தி உனக்கு முதலே தெரியுமா அக்கா?"

"ஓம்."

"தெரிஞ்சுதான் விட்டனியா?"

"ஓம்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஏசுவான் என்று அவள் காத்திருந்தாள். ஏசினால் நன்றாக இருந்திருக்கும். "சரி. அந்தப் பக்கம் பிடி. பாரம்," என்றான்.

ஜொய்சி குனிந்து பிடித்தாள். இரண்டு பேருமாக வாசல்வரைக்கும் கொண்டுவந்தார்கள். வெளியே தலைக்குமேல் உருவம் புதுத் தங்கப் பூச்சு விரலோடு மினுங்கியது. ஒரு வெள்ளைக்காரத் தகப்பன் தன் மகளைத் தூக்கிப் பிடித்திருக்க, அவள் அந்த விரலைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தாள். பலகையில் பூவேலை இருந்த இடத்தில் புதிதாக ஒரு பந்தி ஏறியிருந்தது, பிரெஞ்சில் பெரிதாக, தமிழில் சிறிதாக. அதன் அடியில் ஜொய்சியின் பெயரையும் போட்டிருந்தார்கள்.

உறைபெட்டி வாசலில் இறுகிக்கொண்டது. தன் கடைக்குள்ளேயிருந்து ஞானேந்திரன் ஓடிவந்தார். உதவத்தான் வருகிறார் என்று ஒரு கணம் தோன்றியது. அவர் ஒரு கையால் கறுப்புப் பட்டியில் கீறல் விழாமல் மறைத்து, மற்றக் கையால் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா, மெதுவா. சுவரில முட்டாமல்." பிறகு குனிந்து பார்த்து, உண்மையான கரிசனையோடு சொன்னார்: "ரீச்சர், விரல் கவனம்."